கை, கன்னம், மிச்சம்

மார்ச் 4

அன்புள்ள துப்பு,

முதல் வரியைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. அப்பா உனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட இனி நான் ஒருத்திதான் மிச்சம். எட்டு மாதமாகப் போன் செய்கிறேன், நீ எடுப்பதில்லை. என் குரல் கேட்டாலே உனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது போலிருக்கிறது. காகிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் சாவு வீட்டில், அத்தனை பேர் முன்னால், "இனிமே இந்த வீட்டுல யாரும் பயந்துக்கிட்டே சாப்பிட வேண்டாம்" என்று நான் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை, சொன்ன இடம் தப்பு. இதற்கு மேல் இறங்கி வர எனக்குத் தெரியாது. நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே.

எழுதக் காரணம் வேறு. இடித்துவிட்ட ஒரு ஸ்டுடியோவின் கிடங்கிலிருந்து எங்கள் படக் காப்பகத்துக்கு ஒரு லாரி நிறையத் தகரப் பெட்டிகள் வந்திருக்கின்றன. நிலவறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, துடைத்து, கிழிந்ததை ஒட்டுவதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். பழைய பிலிம் கெட்டுப்போனால் வினிகர் மாதிரி காடி நெடி அடிக்கும். மூன்று நாளாக என் தலைமுடியெல்லாம் அந்த நெடிதான்.

அதில் ஒரு பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் "கை – கன்னம் – மிச்சம்" என்று எழுதியிருந்தது. பிரித்தால் தொப்பிக்காரர் படம். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் சாமி வந்தவன் மாதிரி பார்ப்பாயே, அதே துப்பறியும் படம். ஒதுக்கிய டேக்குகளும், படத்தில் சேர்த்த டேக்கின் ஒரு பிரதியும் இந்தச் சுருளில் இருக்கின்றன. எல்லாம் அந்த ஒரே காட்சி. அழுகிற பெண்ணைத் தொப்பிக்காரர் கன்னத்தில் அறைவாரே, அது.

நாயகனுக்குக் கை நடுங்கும் என்பதால் லைட்டர் பற்றவைப்பது, துப்பாக்கி பிடிப்பது, அறைவது எல்லாம் அப்பாவின் கைதான் என்பது ஊருக்குத் தெரியாத, நம் வீட்டின் ஒரே பெருமை. அந்தக் கையை இப்போது நான் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் டிரங்குப் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? அதில் அவருடைய வேலை நோட்டு இருக்கும். அந்தக் காட்சிக்கு எத்தனை டேக் போனது, கன்னம் யாருடையது என்று பார்த்து எழுது. பதிவேட்டில் குறிக்க வேண்டும். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டதாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

டிரங்கை அப்பா போன பிறகு முதல்முறையாகத் திறந்தேன். கொக்கி துருப்பிடித்திருந்தது. வலது கட்டைவிரலின் அடியில் வெட்டிவிட்டது. மூன்று தையல். உள்ளே இருந்தவை: மேல்கோட்டு ஒன்று, தொப்பி ஒன்று, லைட்டர் ஒன்று, நோட்டு ஒன்று. படப்பிடிப்பு முடிந்து ஸ்டுடியோ அவருக்குக் கொடுத்தவை.

நோட்டில் உள்ளது உள்ளபடி: "அறை காட்சி. டேக் 1, கை சரி, கன்னம் சிமிட்டல். டேக் 2, கை சரி, கன்னம் சிமிட்டல்." இப்படியே பதினெட்டு வரை. "டேக் 19, கை சரி, கன்னம் சரி. ஓகே." ஓரத்தில்: "நாயகி மறுத்துவிட்டார். கன்னம்: உடைப் பிரிவுப் பெண்." கடைசியில் ஒரு வரி, அடிக்கோடிட்டு: "பத்தொன்பது முறையும் கை நடுங்கவில்லை."

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உனக்கு நிமிராது.

தொப்பி எனக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருக்கிறது. கோட்டும். விசாரணைக்குப் போகும்போது போட்டுக்கொள்கிறேன். எரிந்த கடைக்கும் மோதிய காருக்கும் காப்பீடு கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் பொய்யர்கள். இருபது வருடமாக அவர்களிடம் தலையைச் சொறிந்துகொண்டு கேள்வி கேட்டிருக்கிறேன். இப்போது கோட்டோடு போய்க் கதவருகே நிற்கிறேன், பேசுவதில்லை, லைட்டரைத் திறந்து மூடுகிறேன். அவர்களே உளறிவிடுகிறார்கள். மேலதிகாரி என்னைப் பார்த்து எழுந்து நின்றார். சிகரெட் பிடிப்பதில்லை. லைட்டர் மட்டும்.

உன் தம்பி மனைவி நலம். செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு மணிக்கு வெளியே போகிறாள், நான்கரைக்குத் திரும்புகிறாள். எங்கே என்று சொல்வதில்லை. விசாரணையில் இருக்கிறது.

தம்பி


மார்ச் 21

துப்பு,

உன் கடிதத்தைப் படித்தால் கடிதம் படித்த மாதிரி இல்லை, கோப்பு படித்த மாதிரி இருக்கிறது. ஒரு வரியில் என்னவோ உறுத்தியது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இதைக் கேள். உட்கார்ந்து கேள்.

நீ எழுதிய "உடைப் பிரிவுப் பெண்" என்ற சொல்லைப் படித்ததும் சுருளை மறுபடி மேசையில் ஏற்றினேன். கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேல் வைத்துக் கையால் சுற்றி, ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்தேன். முதல் பத்து டேக்கில் அந்தக் கன்னம் வழவழவென்று பவுடர் பூசி, யாருடையதோ மாதிரி இருக்கிறது. பதினொன்றாவதில் பவுடர் கலைந்துவிட்டது. பத்து முறை அடித்தால் கலையாதா? காது மடலுக்குக் கீழே ஒரு மச்சம், அதை ஒட்டி அதில் பாதி அளவில் இன்னொரு மச்சம்.

நாம் இரண்டு பேரும் அம்மாவின் மடியில் கிடந்து விரலால் தொட்டுத் தொட்டு விளையாடிய மச்சம் அது. பெரியது உனக்கு, சின்னது எனக்கு என்று சண்டை போடுவோம்.

அம்மா உடைப் பிரிவில் தைத்துக்கொண்டிருந்தாள் என்பது தெரியும். அப்பாவை அங்கேதான் பார்த்தாள் என்பதும் தெரியும். எப்படிப் பார்த்தாள் என்பதை யாரும் சொல்லவில்லை. கண் சிமிட்டாதே, சிமிட்டாதே என்று பத்தொன்பது தடவை. கடைசி டேக்கில் உண்மையிலேயே சிமிட்டவில்லை. அந்த ஃபிரேம்களை நான் இருபது நிமிடம் பார்த்தேன். கை வந்து விழுகிறது, கண் அப்படியே திறந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? அப்பா நம்மைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைப்பார். அந்தக் காட்சி வந்ததும், "இதான் அப்பா கை, தட்டு" என்பார். நீ எம்பி எம்பிக் கை தட்டுவாய். அறை விழுந்ததும் திரையில் தொப்பிக்காரர், "இப்ப சொல்லு" என்பார். நீயும் கூடவே சொல்லுவாய். நானும் தட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. அம்மா நமக்கு நடுவில் உட்கார்ந்து அவளும் தட்டினாள், துப்பு. தன் கன்னத்துக்குத் தானே தட்டினாள்.

அப்பா உப்பை எடுக்கக் கை நீட்டினாலும் அவள் ஏன் விறைத்துப்போவாள் என்று நான் கேட்டபோதெல்லாம், "அவர் வீட்டில் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை" என்று நீ சண்டைக்கு வருவாய். ஓங்கியதில்லைதான். தேவைப்படவில்லை.

இன்னொன்று. அப்பாவின் நோட்டில் பத்தொன்பது டேக். சுருளில் இருபது. இருபதாவதற்கு எண் பலகையே காட்டவில்லை. வெறும் கன்னம், ஓரத்திலிருந்து விரல் நுனிகள் மட்டும் உள்ளே வருகின்றன, அதோடு முடிந்துவிடுகிறது. முப்பத்தொரு ஃபிரேம்.

உறுத்திய வரி உன் மனைவியைப் பற்றியது. "விசாரணையில் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். அவள் உனக்கு மனைவியா, எரிந்த கடையா?

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

அது வேலை. அவள் சம்மதித்தாள். பிறகு அவரையே கல்யாணமும் செய்துகொண்டாள். பிடிக்காத கையையா பிடிப்பாள்? ஐம்பது வருடத்துக்கு முந்தைய பிலிமில் ஒரு மச்சத்தைப் பார்த்துவிட்டுச் செத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாய். உன் சாட்சியம் செல்லாது.

அந்தப் படங்கள் எனக்கு என்ன கொடுத்தன என்று உனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்த பையன். தொப்பிக்காரர் அடி வாங்கினாலும் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார். அழமாட்டார், கெஞ்சமாட்டார், யாரிடமும் வழி கேட்கமாட்டார். எல்லாரும் அவருக்குப் பதில் சொல்வார்கள், அவரை ஒருத்தரும் கேள்வி கேட்க முடியாது. ஆம்பிளை என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நாற்பத்தாறு வயது வரை என்னால் முடியவில்லை. இப்போது முடிகிறது.

செவ்வாய்க்கிழமை விவகாரம் நகர்கிறது. அவள் பையில் பஸ் டிக்கெட்டுகள் கிடைத்தன. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று, கடைசி நிறுத்தம் வரை. ஆறு வாரத்துக்குப் பன்னிரண்டு டிக்கெட். தேதி வாரியாக மேசையில் அடுக்கி வைத்து அவளை எதிரே உட்கார வைத்தேன். "பஸ்ல சும்மா உட்கார்ந்து போயிட்டு வருவேன்" என்கிறாள். கடைசி நிறுத்தத்தில் யார் என்று கேட்டேன். யாரும் இல்லையாம், இறங்குவதே இல்லையாம். இதை யார் நம்புவார்கள்?

ஒன்று கவனித்தேன். கேள்வி கேட்கும்போது அவள் கண் சிமிட்டுவதில்லை. தேர்ந்த பொய்யர்கள் அப்படித்தான்.

தம்பி


ஏப்ரல் 6

துப்பு,

இந்தக் கடிதத்தைச் சிரிக்காமல் படி. சிரிப்பு வந்தால் சிரித்து முடித்துவிட்டுப் படி.

இருபதாவது டேக் வளர்கிறது.

நான் எண்ணத் தெரியாதவள் இல்லை. முப்பது வருடமாக எண்ணித்தான் சாப்பிடுகிறேன். மார்ச்சில் முப்பத்தொன்று என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். இந்தத் திங்கட்கிழமை முப்பத்தெட்டு. இன்று நாற்பத்து நான்கு. அந்தத் திங்களன்றே எங்கள் ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். இந்தக் கட்டடத்தில் எனக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த ஒரே மனிதர். அளவுமானியில் ஓட்டிப் பார்த்தார். எழுதி வைத்த நீளத்தைப் பார்த்தார். மறுபடி ஓட்டினார். "பழைய பிலிம் சுருங்கும்மா. நீளுறத நான் பார்த்ததில்ல" என்றார். கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு என் அறைப் பக்கமே வரவில்லை. டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவார், அதுவும் நின்றுபோயிற்று.

புதிதாக வந்த ஃபிரேம்களில் கை முழுதாக உள்ளே வந்துவிட்டது. கட்டைவிரலின் அடியில் ஒரு தழும்பு. முந்தைய பத்தொன்பதில் அது இல்லை. அப்பாவுக்குத் தழும்பே கிடையாது. ஸ்டுடியோவில் பலகை அறுக்கப் போனவரை, கை பார்க்க நன்றாக இருக்கிறது, கீறல் இல்லை, நடுக்கம் இல்லை என்றுதானே கேமரா முன் நிறுத்தினார்கள்.

உன் கையில் தையல் பிரித்தாயா? எந்தக் கை, சரியாக எந்த இடம்? தழும்பு எப்படி இருக்கிறது?

நீ எழுதியதைப் பற்றியும் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் உன்னை அடித்தது எனக்குத் தெரியும். சட்டைப் பொத்தானை நான்தான் தைத்துக் கொடுத்தேன், அம்மாவுக்குத் தெரியாமல். ஆனால் நீ கும்பிட்ட ஆம்பிளை ஒருத்தன் இல்லை. முகம் ஒருவருடையது. அவருக்குக் கை நடுங்கும், பெண்ணை அடிக்க மாட்டேன் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்று அப்பாவே கேலி செய்வார். குரல் இன்னொருவருடையது. இருட்டு அறையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவர். கை அப்பாவுடையது. ஒரு ஆம்பிளையைச் செய்ய மூன்று பேர் தேவைப்பட்டிருக்கிறார்கள், அப்போதும் அவனால் ஒரு பெண்ணிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. அந்த மூன்று பேரில் நடுங்கியவர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பஸ்ஸில் சும்மா போய் வருகிறேன் என்று அவள் சொன்னால், சும்மாதான் போய் வருகிறாள். உன் வீட்டில் அழக்கூடாது, பெருமூச்சு விட்டாலும் "என்ன?" என்று ஒரு கேள்வி வரும். இரண்டரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்காத இடம் ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதை நம்பு. என் கண்ணில்லையா, நம்பு.

அக்கா


ஏப்ரல் 13

அக்காவுக்கு,

சிரித்தேன். நிலவறையில் காடி நெடியைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தால் பிலிமும் வளரும், பல்லும் முளைக்கும். விடுப்பு எடு.

கேட்டதற்காகச் சொல்கிறேன். வலது கை. காயம் ஆறிவிட்டது. சின்னதாக, தூண்டில் முள் மாதிரி வளைந்த தழும்பு. எத்தனையோ பேருக்கு இருக்கும்.

ஒரு விஷயம். இதை யாரிடமும் சொல்லவில்லை. நேற்று மத்தியானம் நாற்காலியில் கண்ணயர்ந்தேன். லைட்டர் சத்தத்தில் விழித்தேன். என் கைதான் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நிறுத்த நினைத்தேன், உடனே நிற்கவில்லை. நாலைந்து தடவை அடித்துவிட்டுத்தான் நின்றது. அசதியாக இருக்கும்.

கோட்டுக்குள் இந்த வெயிலிலும் வியர்ப்பதில்லை. வீட்டிலும் போட்டிருக்கிறேன்.

அவளை நேற்றும் உட்கார வைத்தேன். அதே பதில். கேள்வியை மாற்றிக் கேட்டாலும் அதே பதில். ஒரு சொல் மாறவில்லை. உண்மை பேசுகிறவர்கள் கொஞ்சமாவது தடுமாறுவார்கள். இந்தச் செவ்வாய்க்கிழமை வெளியே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றாள். சிமிட்டவில்லை.

இன்னும் கொஞ்சம்தான். வாயிலிருந்து வந்துவிடும்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

பட்டப்பெயர் வேண்டாம். இனி அந்தப் பெயரில் கூப்பிட மாட்டேன்.

தழும்பு எப்படி வளைந்திருக்கிறது என்று நான் உனக்கு எழுதவில்லை. நீயாக எழுதினாய், தூண்டில் முள் என்று. என் மேசையில் இருப்பதும் அதுதான்.

கன்னத்தைச் சரியாகப் பார்க்காமல் இருந்துவிட்டேன். கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபதாவதில் மச்சம் இல்லை. பவுடரும் இல்லை. காதில் பச்சைக்கல் தோடு, ஒரு கல்லின் ஓரம் உடைந்தது. உன் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது. கடைக்காரன் மாற்றித் தருகிறேன் என்றான், அவள்தான் பரவாயில்லை என்று போட்டுக்கொண்டாள்.

நேற்று கத்தரியால் அந்த டேக்கை வெட்டி எடுத்தேன். துண்டைக் கவரில் போட்டு அலமாரியில் பூட்டினேன். இன்று காலை கவர் காலி. பத்தொன்பதோடு சேர்ந்து இருபதும் சுருளில் இருக்கிறது. எங்கேயும் ஒட்டு இல்லை. ஒட்டுப் போட்டே வயசான எனக்கு ஒட்டு தெரியாதா?

ஐம்பத்தெட்டு ஃபிரேம். கைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் இடம். இன்னும் மூன்று வந்தால் பட்டுவிடும்.

நான் உன்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன். கோட்டைக் கழற்று. வீட்டை விட்டு வெளியே போ, எங்கேயாவது போ, பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போ. அவளை என்னிடம் அனுப்பு. போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ரயிலில் ஏறினால் ஒன்றரை நாள், விரைவுத் தபால் என்னை விட வேகமாக வரும் என்று எழுதுகிறேன். முட்டாள்தனமோ என்னவோ. என் முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அது அவளுக்கு.

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

நீ பயந்தது போல எதுவும் நடக்கவில்லை. கை ஓங்கவில்லை. விசாரணை முடிந்தது. கோப்பை மூடிவிட்டேன். அவள் நலமாக இருக்கிறாள். இதை எழுதும்போது சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கிறது.

நீ உன் வேலையைப் பார். அந்தப் பெட்டியை மூடி வை.

தம்பி


ஏப்ரல் 27

தம்பி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அவள் புதன்கிழமையே வந்துவிட்டாள்.

கதவைத் திறந்தால் கையில் ஒரு துணிப்பை, என் முகவரிச் சீட்டு. திங்கட்கிழமை மத்தியானம் கிளம்பியிருக்கிறாள். நீ பாத்திரச் சத்தம் கேட்டு எழுதிக்கொண்டிருந்த நேரம் அவள் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னத்தில் விரல்களை எண்ணலாம். இரண்டு நாள் ஆகியும் எண்ணலாம். தோடு ஒன்று இல்லை, எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. குளிக்கத் தண்ணீர் வைத்தேன், சாப்பாடு போட்டேன். சாயங்காலம் அவளாகச் சொன்னாள்.

"அவர் கேட்டதுக்கெல்லாம் உண்மையத்தான் சொன்னேன் அண்ணி. உண்மை அவருக்குப் போதல."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அடிச்சதுகூடப் பரவாயில்ல. அடிச்சிட்டு, 'இப்ப சொல்லு'ன்னார். அந்தக் குரல் அவரோடது இல்ல அண்ணி. பதினாறு வருஷம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அவள் தொப்பிக்காரர் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லையாம்.

மறுநாள் காப்பகத்துக்குப் போனேன். அறுபத்தொரு ஃபிரேம். கடைசி மூன்றில் கை பட்டிருக்கிறது. அதற்கு மேல் வளரவில்லை. வெள்ளியும் எண்ணினேன், சனியும் எண்ணினேன். தகரப் பெட்டியின் சீட்டில் எண்ணிக்கை எழுதும் கட்டம் காலியாக இருந்தது. இப்போது அதில் 20 என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. அப்பாவின் இரண்டு எப்படி வளையும் என்று உனக்குத் தெரியும்.

அவள் என்னோடுதான் இருப்பாள். தினமும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிப் போகிறாள், எங்கே என்று நான் கேட்பதில்லை. கதவு சாத்துகிற சத்தத்துக்கு இப்போது கண் சிமிட்டுகிறாள். அதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருக்கிறது. நீ இங்கே வராதே. வந்தாலும் கதவு திறக்காது, எழுதி வைத்துக்கொள்.

உன் மேல் எனக்கு இருப்பது கோபம் மட்டுமில்லை, அதுதான் கஷ்டம். உனக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவள் நான். அந்த அறைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டியவளும் நான்.

ஒரே ஒரு கேள்வி. பொய் எழுதுவதானால் எழுதாமலே இரு. அடிக்கும்போது உன் கை நடுங்கியதா?

அக்கா


மே 4

அக்கா,

நான்கு நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோப்பு மாதிரி எழுத வரவில்லை, மன்னித்துக்கொள்.

பாத்திரச் சத்தத்தைப் பற்றி நான் பொய் எழுதவில்லை. உண்மையாகவே கேட்டது. அவள் உள்ளே இருக்கிறாள் என்றே நம்பினேன். எழுதி முடித்துப் போய்ப் பார்த்தேன், அடுப்பு சில்லென்று இருந்தது. இன்றும் கேட்கிறது. இப்போது போய்ப் பார்ப்பதில்லை.

கோட்டைக் கழற்றச் சொல்லி நீ எழுதிய கடிதம் அந்தத் திங்கட்கிழமை காலை வந்தது. வாசலில் நின்றே படித்தேன். மூன்று ஃபிரேம் என்று நீ எழுதியிருந்த இடத்தில் சிரித்தேன். உள்ளே போய் அவள் முன்னால் மேசையில் உன் கடிதத்தைப் போட்டு, அக்காவுக்கு நீதான் எழுதினாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். உண்மைதான், அவள் எழுதவில்லை, நான்தான் எல்லாம் எழுதினேன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. சாப்பாட்டு மேசையில், அப்பா உப்புக்குக் கை நீட்டும்போது.

அம்மாவைப் பற்றி நீ சொன்னது சரிதான். இவ்வளவு நாள் அது எனக்கும் தெரியும்.

அடித்தேன், அக்கா. ஒரே முறை. கேட்டாயே, அதற்குப் பதில்: கை நடுங்கவில்லை. கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்தக் கணம் நடுங்கியிருந்தால் நான் இப்போது மனிதனாக உட்கார்ந்து இதை எழுதுவேன் என்று தோன்றுகிறது.

"இப்ப சொல்லு" என்று நான் சொன்னதாக நினைவில்லை. என் வாய் அசைந்தது நினைவிருக்கிறது.

தோடு நாற்காலிக்கு அடியில் கிடந்தது. இதோடு அனுப்பியிருக்கிறேன். அவளிடம் கொடு, எதுவும் சொல்ல வேண்டாம். திரும்பி வரச்சொல்லிக் கேட்கவில்லை. அவளிடமும் உன்னிடமும் கேட்க என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை.

கோட்டையும் தொப்பியையும் டிரங்கில் வைத்துப் பூட்டிவிட்டேன். வேலைக்குப் போகவில்லை. வலது கையைத் துண்டால் நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டிவிட்டு இடது கையால் எழுதுகிறேன். அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது. எழுதும் இந்த நேரத்திலும் வலது கை கட்டைவிரலை மடக்கி மடக்கித் திறக்கிறது. லைட்டரை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். இது மட்டும்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அறை விழுந்தது. அவள் கண் சிமிட்டவில்லை. அடுத்த நொடி, என் முதுகுக்குப் பின்னால், வெகு பக்கத்தில், யாரோ கை தட்டினார்கள். சின்னக் கைகள். எம்பி எம்பித் தட்டுகிற சத்தம், செருப்பு தரையில் மோதுவதுகூடக் கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா. யார் என்று எனக்குத் தெரியும்.

தம்பி